பீரங்கிக்காரர் ராபர்ட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்வமுள்ள சிலரைக் கூட்டிக்கொண்டு பரங்கிமலைப் பக்கம் நடப்பது என் வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படைக்கு இதுதான் தலைமையகம் என்று சொன்ன மாத்திரத்தில், "பீரங்கிப் படையில் சேர்ந்து பெரிய ஆளாக வந்தவர் யாராவது உண்டா?" என்று ஒருவர் கேட்பார். வங்காளப் படையில் ஒருவர் இருந்தார், பின்னால் இங்கேயும் வந்தார் என்று ராபர்ட்ஸ் பெயரை எடுத்தால் போச்சு. மிச்ச நடை முழுக்க அவரைப் பற்றித்தான் பேச்சு. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ராபர்ட்ஸ்னு சொல்றீங்களே, யார் சார் அவர்? சுருக்கமா சொல்லுங்க.

ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். 1832 செப்டம்பர் 30 அன்று கான்பூரில் பிறந்தார். 1851 டிசம்பரில் வங்காளப் பீரங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்ட்டாகச் சேர்ந்து, 1895ல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். இடையில் 1857 எழுச்சி, வடமேற்கு எல்லையில் அம்பேலா, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), லுஷாய் மலை (இன்றைய மிசோரம்), ஆப்கானிஸ்தான், பர்மா. 67 வயதில் தென்னாப்பிரிக்கா. போர்க்கள வீரத்துக்கு பிரிட்டன் தரும் உச்ச விருதான விக்டோரியா சிலுவை வாங்கியவர். சென்னை ராணுவம், இந்திய ராணுவம், பிரிட்டிஷ் ராணுவம் என்று மூன்றுக்கும் அடுத்தடுத்துத் தலைமைத் தளபதியாக இருந்தவர்.

ஆள் குள்ளம், ஐந்தடி நான்கு அங்குலம் இருந்தால் அதிகம். சிப்பாய்கள் வைத்த செல்லப்பெயர் 'பாப்ஸ்'. எத்தனையோ போர்களில் தப்பித்த மனிதருக்குப் பூனையைக் கண்டால் மட்டும் ஆகாது.

கான்பூர்ல பிறந்தார்னா இந்தியரா, ஆங்கிலோ இந்தியரா?

இரண்டும் இல்லை. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த குடும்பம். அப்பா ஏப்ரஹாம் ராபர்ட்ஸ் கம்பெனிப் படையில் தளபதி. குழந்தைக்கு இரண்டு வயதானபோது இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பெல்லாம் அங்கேதான். மறுபடி இந்திய மண்ணில் கால் வைத்தது 1852 ஏப்ரலில், கல்கத்தாவில். பணியில் சேர்ந்த சில மாதங்களிலேயே பெஷாவருக்குப் போனார். அப்பாதான் அங்கே டிவிஷன் தளபதி. மகன் அவருக்கு ஏ.டி.சி., அதாவது கூடவே இருக்கும் உதவி அதிகாரி. அதுவரை இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்கள் மிகக் குறைவு. இருபது வயதில், மேலதிகாரியாகத்தான் அப்பாவை நெருங்கிப் பார்த்தார்.

ஒரு கண்ணு தெரியாதாமே? அப்படி ஒருத்தரைப் பீரங்கிப் படையில் எப்படி எடுத்தாங்க?

உண்மைதான். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலில் வலது கண்ணின் பார்வை போய்விட்டது. இன்றைய மருத்துவப் பரிசோதனையில் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவர் பீரங்கிப் படைக்கு வந்ததற்குக் காசும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். லெப்டினன்ட்டுக்கு ஒரு விலை, கேப்டனுக்கு ஒரு விலை. பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் அந்த வியாபாரம் கிடையாது, ஏனென்றால் அங்கே கணக்குத் தெரிய வேண்டும். கம்பெனி ராணுவத்தில் எந்தப் பிரிவிலும் கிடையாது. சம்பளத்தில் மட்டுமே வாழ வேண்டிய வீட்டுப் பிள்ளைக்குக் கம்பெனிதான் சரி என்று அப்பா முடிவு செய்தார். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்த பையன், கம்பெனியின் ராணுவக் கல்லூரி இருந்த அடிஸ்கோம்புக்கு மாறினான். அங்கே முதல் வரிசையில் தேறுபவர்கள் பொறியாளர் படைக்கும், அடுத்த வரிசை பீரங்கிப் படைக்கும், மற்றவர்கள் காலாட்படைக்கும் போவார்கள். ராபர்ட்ஸ் நடு வரிசை.

வங்காளப் பீரங்கிப் படைன்னா? ராயல் ஆர்ட்டிலரி வேற இல்லையா?

வேறுதான். ராயல் ஆர்ட்டிலரி அரசியுடையது. கம்பெனிக்கு வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று ராணுவங்கள், மூன்றுக்கும் தனித்தனிப் பீரங்கிப் படைகள். வங்காளத்துக்கு டம்டம், சென்னைக்குப் பரங்கிமலை. குதிரைகள் இழுக்க, பீரங்கிக்காரர்களும் குதிரையிலேயே பாய்ந்து வரும் குதிரைப் பீரங்கிப் படைக்குத்தான் மவுசு அதிகம். பித்தளைத் தலைக்கவசம், அதில் குதிரைமயிர்த் தோகை, வெள்ளைத் தோல் கால்சட்டை. இளம் அதிகாரிகள் எல்லோருக்கும் அந்த உடுப்பின் மேல் கண். ராபர்ட்ஸுக்கும் அது கிடைத்தது.

1857க்குப் பிறகு கம்பெனி ஆட்சி போய், 1860களின் தொடக்கத்தில் மூன்று பீரங்கிப் படைகளும் ராயல் ஆர்ட்டிலரியோடு சேர்க்கப்பட்டன. கூடவே இன்னொன்றும் நடந்தது. மலைப் பீரங்கிகளைத் தவிர வேறு பீரங்கிகளைக் கிட்டத்தட்ட இந்தியர் கையில் கொடுப்பதே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். துப்பாக்கி தரலாம், பீரங்கி கூடாது என்பதுதான் 1857 கற்றுக்கொடுத்த பயம். அது தெளிய 1935 ஆனது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பெங்களூரில் இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படையணி அமைந்தது.

பீரங்கிக்காரர்னு சொல்றீங்க. எத்தனை பீரங்கிக்குத் தலைமை தாங்கினார்?

கேட்பவர்கள் ஏமாந்துபோகும் இடம் இது. ஒரு பேட்டரிக்குக்கூட (சில பீரங்கிகள் கொண்ட பிரிவு) அவர் தலைமை ஏற்றதில்லை. 1856ல் குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் துறைக்குப் போனார். ஏறத்தாழ இருபது வருடம் அங்கேயே இருந்து, 1875ல் அந்தத் துறைக்கே தலைவரானார். படை எந்த வழியாகப் போவது, எங்கே கூடாரம் அடிப்பது, தண்ணீர் எங்கே, கழுதைக்குத் தீனி எவ்வளவு என்று பார்க்கிற வேலை அது. கல்யாண வீட்டில் சமையற்கட்டையும் பந்தியையும் கவனிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை போட்டுக்கொள்பவர் வேறு ஆள், ஆனால் இவர் சறுக்கினால் விருந்து நாறிவிடும்.

பீரங்கியோடு நின்று உண்மையில் சுட்டது 1857 செப்டம்பரில், டெல்லி முற்றுகையின்போது. மதிலை உடைக்கும் வேலைக்கு ஆள் போதாமல், மற்ற வேலைகளில் இருந்த பீரங்கி அதிகாரிகளையும் பேட்டரிகளுக்கு அனுப்பினார்கள். அப்போது இரண்டாம் எண் பேட்டரியில் இருந்தார். பீரங்கிக்காரராக அவர் புகழ் பெற்றார் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பீரங்கிப் படையில் பிறந்து, பொதிகழுதையால் புகழ் பெற்றவர் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

அப்போ விக்டோரியா சிலுவை எதுக்குக் கிடைச்சது?

வாளுக்கு. 1858 ஜனவரி 2, ஃபரூக்காபாத் பக்கம் குதாகஞ்ச். தோற்றுப் பின்வாங்கும் சிப்பாய்களைக் குதிரைப்படை துரத்துகிறது. இந்தியக் குதிரைவீரர் ஒருவரை ஒரு சிப்பாய் துப்பாக்கிச் சனியனால் (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி) குத்தப்போக, ராபர்ட்ஸ் குறுக்கே புகுந்து சிப்பாயை வெட்டினார். அப்புறம் தூரத்தில் இரண்டு சிப்பாய்கள் கொடியோடு ஓடுவதைப் பார்த்துத் தனியாகவே துரத்தினார். ஊருக்குள் நுழையும் முன் அவர்கள் திரும்பினார்கள். ஒருவர் துப்பாக்கியை அவர்மேல் நீட்டி விசையை இழுத்தார். மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெடிக்கவில்லை. கொடி பிடித்தவரை வெட்டிக் கொடியைப் பறித்தார். அந்த ஒரு கேப் ஒழுங்காக வெடித்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

இதற்கு முந்திய ஜூலையிலும் அப்படித்தான். டெல்லிக்கு வெளியே முதுகெலும்பை ஒட்டிக் குண்டு பட்டது. இடுப்பு வாரில் இருந்த தோல் பை எப்படியோ முதுகுப்பக்கம் நழுவியிருந்ததால் குண்டு அதில் பட்டு வேகம் இழந்தது. சிலுவையை 1859 ஜூனில் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசியே குத்திவிட்டார். சில வாரங்களுக்கு முன்புதான் நோரா பியூஸ் என்ற பெண்ணுடன் அவருக்கு வாட்டர்ஃபோர்டில் கல்யாணம் ஆகியிருந்தது.

1857ல சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது இந்தப் பீரங்கிப் படைதானே? இவருக்கும் அதில் பங்கு உண்டா?

சுட்டது கம்பெனியின் பீரங்கிப் படைதான். ஆங்கிலேயர் கண்டுபிடித்த தண்டனை அல்ல அது, முகலாயர் காலத்திலிருந்தே வழக்கத்தில் இருந்தது. ஆனால் 1857 போல அத்தனை பேரை அப்படிக் கொன்ற வருடம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். பெஷாவரில் ஜூன் மாதம் ஒரே அணிவகுப்பில் 40 பேர்.

ராபர்ட்ஸ் அதே மாதம் லாகூரில் இரண்டு சிப்பாய்கள் அப்படிக் கொல்லப்பட்டபோது உடனிருந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், பார்க்கப் பயங்கரம், ஆனாலும் இந்தச் சமயத்தில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற தோரணையில் எழுதினார். 24 வயது. வயதைச் சொல்லி மன்னிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை, ஏனென்றால் 47 வயதிலும் அவர் அதிகம் மாறவில்லை. காபூல் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

கேப்டன் ஆன மறுநாளே மேஜர்னு படிச்சேன். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 1860 நவம்பர் 12ல் கேப்டன், 13ல் பிரெவெட் மேஜர். பிரெவெட் என்பது ராணுவம் தரும் கௌரவப் பதவி. சொந்தப் படையில் மேஜர் இடம் காலியாகும்வரை காத்திருக்காமல் ராணுவ அளவில் மேஜராக மதிப்பார்கள். கேப்டன் ஆகாதவருக்கு அதைக் கொடுக்க முடியாது என்பது விதி. 1857ல் செய்த வேலைக்கான பரிசு கேப்டன் பதவிக்காகக் காத்துக் கிடந்து, கதவு திறந்த மறுநாளே உள்ளே வந்தது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. அபிசீனியப் போருக்காக 1868ல் பிரெவெட் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். ஆனால் சொந்தப் படைக் கணக்கில் மேஜர் ஆனது 1872ல்தான். பணம் கொடுத்துத் தாண்ட வழியில்லாத படையில் வரிசை அவ்வளவு மெதுவாக நகரும். அங்கே மேலே போக போர் ஒன்றுதான் குறுக்குவழி. எல்லைச் சண்டை எங்கே நடந்தாலும் இளம் அதிகாரிகள் முண்டியடித்ததற்கு இது முக்கியமான காரணம்.

காபூல்லேர்ந்து காந்தகாருக்கு நடந்தார்னு ஏன் இவ்வளவு பெருமையா பேசறாங்க? நடக்கறது என்ன அதிசயம்?

1880 ஜூலை 27 அன்று, காந்தகாருக்கு மேற்கே மைவந்தில் ஆப்கன் இளவரசர் அயூப் கானின் படை ஒரு பிரிட்டிஷ் பிரிகேடை நொறுக்கியது. கிட்டத்தட்ட 1,000 பேர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் காந்தகார் கோட்டைக்குள் அடைபட்டார்கள். அவர்களை மீட்கக் காபூலிலிருந்து ராபர்ட்ஸ் புறப்பட்டார். ஆகஸ்ட் 9ல் கிளம்பி 31ல் போய்ச் சேர்ந்தார். சுமார் 500 கிலோமீட்டர். பத்தாயிரம் வீரர்கள். அவர்களில் ஏழாயிரத்துக்கும் மேல் இந்தியர்கள். அதற்குமேல் சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், டோலி தூக்குபவர், கழுதை ஓட்டுபவர் என்று எட்டாயிரம் பேர். நடுவில் கிடங்கு கிடையாது, பின்னாலிருந்து சாமான் வரும் பாதையும் கிடையாது. காபூலை விட்டதுமே உலகத்தோடு தொடர்பு அறுந்தது. லண்டன் பத்திரிகைகளுக்கு மூன்று வாரம் இதே கவலை.

பீரங்கிக்காரர் இங்கே எடுத்த முடிவைப் பாருங்கள்: சக்கரம் வைத்த பீரங்கி ஒன்றுகூட வேண்டாம். பிரித்துக் கோவேறு கழுதைமேல் ஏற்றக்கூடிய மலைப் பீரங்கிகள் 18 மட்டும். வண்டி வேண்டாம், ஒட்டகமும் வேண்டாம். குர்ரம் பள்ளத்தாக்கில் ஒட்டகங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை அவர் பார்த்திருந்தார். கோவேறு கழுதை, மட்டக்குதிரை, கழுதை என்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுமை விலங்குகள். ஒட்டகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தானியமும் ஆடும் வழியில் காசு கொடுத்து வாங்கினார்கள். விறகு கிடைக்காத இடத்தில் வீட்டை விலைக்கு வாங்கி இடித்து, உத்திரத்தை எரித்தார்கள். விடியுமுன் கிளம்பினால் வாலில் வருபவர்கள் முகாமுக்கு வந்துசேர இருட்டிவிடும். பகலில் வெயில் கொளுத்தும், இரவில் நடுக்கும். கடைசி நாட்களில் ராபர்ட்ஸே காய்ச்சலில் விழுந்து டோலியில் போனார். காந்தகாருக்குள் நுழையும்போது மட்டும் குதிரைமேல் ஏறிக்கொண்டார்.

மறுநாள், செப்டம்பர் 1, நடந்த சண்டை ஒரே பகலில் முடிந்தது. வழியில் எதிர்ப்பு இல்லையே, இதில் என்ன வீரம் என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். அதே சாலையில் சில மாதங்களுக்கு முன் டொனால்ட் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் தளபதி எதிர்த்திசையில் நடந்து, வழியில் அஹமத் கேலில் ஒரு சண்டையும் போட்டார். அவரை யாரும் பாடவில்லை. ஸ்டூவர்ட்டுக்குப் பின்னால் மைவந்த் போல ஒரு அவமானம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குதிரைக்குக்கூட மெடல் கொடுத்தாங்களாமே, நிஜமா?

நிஜம். வோனோலெல் என்ற வெள்ளை அரபுக் குதிரை. லுஷாய்த் தலைவர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்திருந்தார். அரசியின் அனுமதியோடு அது கழுத்தில் ஆப்கன் மெடலும் காந்தகார் நட்சத்திரமும் அணிந்தது. டப்ளினில் கில்மைன்ஹாம் ராணுவ மருத்துவமனைத் தோட்டத்தில் கல்லறையும் இருக்கிறது. அந்த நட்சத்திரம், நடந்த எல்லோருக்கும் கொடுத்தது. அயூப் கானிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம்.

ராபர்ட்ஸ் வாங்கியவற்றை அடுக்கினால் இடம் போதாது. கார்ட்டர், பாத், செயின்ட் பேட்ரிக், ஸ்டார் ஆஃப் இந்தியா என்று அன்றைய பெரிய விருதுகள் ஏறத்தாழ எல்லாம். 1902ல் ஆர்டர் ஆஃப் மெரிட் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே பெயர்.

காபூல்ல நிறைய பேரைத் தூக்கில போட்டாராமே? அதை ஏன் யாரும் பேசறதில்ல?

அன்றே பேசினார்கள், பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை. 1879 செப்டம்பர் 3ல் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவக்னாரியும் அவருடைய காவல் படையும் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கும் பொறுப்போடு ராபர்ட்ஸ் போனார். சாராசியாவில் வென்று அக்டோபரில் காபூலுக்குள் நுழைந்து, தூதர் தங்கியிருந்த கட்டட இடிபாட்டருகே, பாலா ஹிஸார் கோட்டையில் தூக்குமரம் நட்டார். சில மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் தொங்கினார்கள். கொலையில் பங்கெடுத்தவர்கள் மட்டும் அல்ல. பிரிட்டிஷ் படையை எதிர்த்துச் சண்டை போட்டதே குற்றம் என்று சிலருக்குத் தண்டனை. தன் நாட்டில் நுழைந்த படையை எதிர்ப்பவன் எப்படிக் கலகக்காரன் ஆவான் என்று இங்கிலாந்திலேயே கேட்டார்கள். அவர் விளக்கம் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் காந்தகார் நடை வந்தது, தூக்குமரம் மறந்துபோனது. அந்த நடையின் புகழ் எதை மூடியது என்று தெரியாமல் அதைப் பாராட்டக் கூடாது என்பது என் கட்சி.

பீரங்கிக்காரர் தன் பீரங்கியையே பறிகொடுத்தார்னு சொல்றாங்களே?

1879 டிசம்பர் 11, காபூலுக்கு வெளியே கில்லா காஸி. குதிரைப் பீரங்கி நான்கும் சிறு குதிரைப்படையும் எதிர்பாராமல் பெரும் ஆப்கன் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டன. பின்வாங்கும்போது பள்ளத்திலும் வாய்க்காலிலும் பீரங்கிகள் சிக்கின, விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ராபர்ட்ஸ் களத்தில் இருந்தார். பீரங்கிப் படையில் கொடி என்று தனியாகக் கிடையாது, பீரங்கிதான் கொடி. அதை விட்டுவருவதைவிடக் கேவலம் இல்லை. அன்றைக்கே கர்னல் மெக்கிரிகர் நான்கையும் மீட்டுவந்ததால் மானம் தப்பியது. அதே நாள் வாய்க்காலில் குதிரைகளுக்கடியில் சிக்கிய வீரர்களை இழுத்துக் காப்பாற்றிய ஆடம்ஸ் என்ற பாதிரியாருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் மதகுரு அவர்தான்.

மெட்ராஸ்ல எத்தனை வருஷம் இருந்தார்? இங்க என்ன செஞ்சார்?

1881 நவம்பரிலிருந்து 1885வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி. வெயில் காலம் ஊட்டியில், மற்ற நாட்களில் பெங்களூர், செகந்திராபாத், பர்மா என்று சுற்றுப்பயணம். அன்று பர்மாக் காவலும் சென்னை ராணுவத்தின் பொறுப்பு. துப்பாக்கி சுடும் பயிற்சியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார். நேராக அணிவகுத்தால் போதாது, குறி தவறாமல் சுட வேண்டும் என்று போட்டிகள் வைத்தார், பரிசு கொடுத்தார்.

"மதராஸிங்க சண்டைக்கு லாயக்கில்ல"ன்னு சொன்னவர் இவர்தானா?

இதே வார்த்தையில் இல்லை, கருத்து அதுதான். தெற்கே வீரத்தைத் தேடிப் பார்த்தேன், முன்னோரிடம் இருந்தது இவர்களிடம் இல்லை, நீண்ட அமைதி அதை மழுக்கிவிட்டது என்று பின்னாளில் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1885ல் இந்திய ராணுவம் முழுவதற்கும் தலைவரான பிறகு தென்னாட்டுப் படைகளைக் குறைத்து, அந்த இடத்தில் பஞ்சாபியரையும் கூர்க்கரையும் நிரப்பும் கொள்கையைத் தள்ளிக்கொண்டு போனார். போர்க்குலம், போர்க்குலம் அல்லாதது என்ற பிரிவினைக்கு அவரைப்போல அதிகார பலம் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

இதில் அவர் தடுக்கி விழுந்தது காரணத்தில். ஹைதர், திப்பு, மராத்தியர் என்று எல்லோரோடும் மோதியது சென்னைச் சிப்பாய்தான். 1803ல் அசாயேயில் பிரிட்டிஷ் தளபதி வெல்லஸ்லியோடு நின்ற காலாட்படையில் பெரும்பகுதி சென்னைப் படை. அப்புறம் காலப்போக்கில் பெரும்பாலும் காவல் வேலையிலேயே வைத்தார்கள். துடிப்பான அதிகாரிகள் எல்லையில் பெயர் எடுக்கலாம் என்று வடக்கே ஓடினார்கள் (பிரெவெட் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும்). அதிகாரியையும் போரையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவனைப் பார்த்து ரத்தத்தில் வீரம் இல்லை என்றார்கள். சாமான் வராவிட்டால் எந்தப் படையும் படுத்துவிடும் என்று தெரிந்த குவாட்டர்மாஸ்டருக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவர் பையனும் விக்டோரியா சிலுவை வாங்கினாராமே? அதில் காந்தி எங்க வர்றார்?

1899 டிசம்பர் 15, தென்னாப்பிரிக்காவில் நாட்டால், கொலென்சோ. கர்னல் லாங் என்ற பீரங்கி அதிகாரி 12 பீரங்கிகளைக் காலாட்படைக்கு முன்னால் ஓட்டிப்போய், போயர்களின் (பிரிட்டிஷாரை அங்கே எதிர்த்த டச்சு வழிக் குடியேறிகள்) பதுங்குகுழிகளுக்குச் சுமார் 1,000 கெஜம் தூரத்தில் வெட்டவெளியில் நிறுத்தினார். பழைய பாடம் அப்படி: கண்ணுக்குத் தெரிவதைச் சுடு, நெருங்கிப் போய்ச் சுடு. எதிரே இருந்தவர்கள் கையில் மவுசர் துப்பாக்கி. புகையில்லாத மருந்து, யார் சுடுகிறார்கள் என்றே தெரியாது. பீரங்கிக்காரர்கள் வரிசையாக விழுந்தார்கள். அநாதையாக நின்ற பீரங்கிகளை இழுத்துவரச் சிலர் குதிரையில் பாய்ந்தார்கள். அதில் ஒருவர் ராபர்ட்ஸின் ஒரே மகன், 27 வயது லெப்டினன்ட் ஃபிரெடி. காலாட்படைக்காரர், பீரங்கியோடு அவருக்கு ஒட்டும் உறவும் இல்லை. இரண்டு பீரங்கிகள் மீண்டன, பத்து போயர்களிடம் போயின. ஃபிரெடி இரண்டாம் நாள் இறந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் விக்டோரியா சிலுவை என்பது வரலாற்றில் மொத்தம் மூன்று குடும்பங்களுக்கே நடந்தது. இன்னொரு குடும்பத்தின் அப்பா வால்டர் காங்கிரீவ், அவர் அதை வாங்கியதும் இதே பீரங்கிகளை மீட்கப் போய்.

காந்தி வருவது இங்கேதான். நாட்டால் இந்தியர்களைச் சேர்த்து அவர் அமைத்த 1,100 பேர் கொண்ட ஆம்புலன்ஸ் படை கொலென்சோவில் வேலை செய்தது. ராபர்ட்ஸ் மகனைக் களத்திலிருந்து தூக்கிவந்தது எங்கள் படை என்று காந்தி பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் படையில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நாட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். டோலியின் நான்கு முனைகளில் இருந்தவர்கள் பெயர் நமக்கு வரவில்லை. முந்தைய பதிலையும் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மகனை இழந்த பிறகும் அங்கேயே போய்ப் போரை ஜெயிச்சாரா?

பாதி. தென்னாப்பிரிக்கத் தலைமையை ஏற்ற அதே வேளையில் மகன் இறந்த செய்தியும் வந்தது, ஆனாலும் கப்பலேறினார். 1900 பிப்ரவரியில் பார்டபெர்கில் போயர் தளபதி குரோன்யேயையும் சுமார் 4,000 போயர்களையும் சரணடைய வைத்தார். மார்ச்சில் புளூம்ஃபோன்டைன், ஜூன் 5ல் பிரிட்டோரியா என்று போயர் தலைநகரங்களைப் பிடித்தார். போர் முடிந்தது என்று நினைத்து வருடக் கடைசியில் ஊருக்குக் கிளம்பினார். அது முடிய 1902 மே ஆனது. கொரில்லாச் சண்டையை அடக்கப் பண்ணை வீடுகளைக் கொளுத்தும் வேலை தொடங்கியது இவர் காலத்தில், அதைக் குடும்பங்களை அடைக்கும் முகாம்களாகப் பெருக்கியது அவருக்குப் பின் தலைமை ஏற்ற கிச்சனர்.

இவரைக் குவாட்டர்மாஸ்டர் என்று புகழ்ந்தேன் இல்லையா, சறுக்கியதும் அதே இடத்தில்தான். வாட்டர்வால் என்ற ஆற்றுத்துறையில் சரியான காவல் இல்லாமல் விட்டுப்போன சாமான் வண்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் போயர் தளபதி டி வெட் அள்ளிக்கொண்டு போனார். படை அரை வயிற்றோடு நடந்தது, பார்டபெர்கில் பிணம் மிதந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தது. புளூம்ஃபோன்டைனில் டைபாய்டு அள்ளிக்கொண்டு போனது. சரணடைந்த போயர் கைதிகளைக் கடல்தாண்டி அனுப்பினார்கள். இலங்கையில் தியத்தலாவை, நம் பக்கம் திருச்சி என்று முகாம்கள் இருந்தன.

இந்திய சிப்பாயைப் பார்க்கப் போய்த்தான் செத்தாராமே?

ஆமாம். 1914 நவம்பர், 82 வயது. பிரான்சில் போர்முனைக்கு வந்திருந்த இந்தியப் படைகளைப் பார்க்கப் போனார். குளிர் தாக்கி நிமோனியா ஆகி, 14ஆம் தேதி சாந்தோமரில் இறந்தார். அங்கே அப்போது இருந்தவை லாகூர், மீரட் டிவிஷன்கள். அதாவது சீக்கியர், கூர்க்கர், டோக்ரா, பட்டாணியர், கார்வாலியர். அவர் தேர்ந்தெடுத்த ராணுவம். அவர்களிடம் இந்துஸ்தானியில் பேசவும் செய்தார்.

பாசம் பொய் என்று சொல்ல மாட்டேன். தான் வகுத்த பட்டியலில் இருந்தவர்கள்மேல் அவருக்கு உண்மையான பாசம் இருந்தது. உடலை லண்டனுக்குக் கொண்டுவந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைத்தார்கள், பிறகு பீரங்கி வண்டியில் ஏற்றிச் சென்று செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். வாரிசாக மகன் இல்லாததால் பிரபு பட்டம் மூத்த மகள் எய்லினுக்குப் போனது.